பல் டாக்டரிடம் போகாத செவ்வாய்க்கிழமை

வேர் சிகிச்சை வலிக்குமா என்று என்னைக் கேட்காத டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை. நான் பண்டார் பாருவில் ஒரு தமிழ்ப்பள்ளிக் கேன்டீனில் சமைக்கிறவள். தட்டில் மீ கோரேங்கை அள்ளிப் போட்டுக்கொண்டே, ஊசி போடும்போது எறும்பு கடித்த மாதிரி இருக்கும் டீச்சர், அப்புறம் மரத்துப்போய்விடும், பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அவர்கள் கண் என் தாடைக்குக் கீழே இருக்கிற தழும்புக்குப் போகும். பல்லுக்கா கழுத்தை வெட்டினார்கள் என்று நினைத்துக்கொண்டு, சொத்தைப் பல்லை அப்படியே வாயில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். அந்தப் பாவம் வேறு எனக்கு எதற்கு? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இந்தத் தழும்பு வேர் சிகிச்சையால் வந்ததில்லை. பாதி சிகிச்சையோடு நான் நின்றுவிட்டதால் வந்தது.

முதலில் குளிர்ந்த தண்ணீர் குடித்தால் மட்டும் கூசியது. இடது பக்கம், கீழ்க் கடைவாய்ப் பல். பிறகு சூடான தேத்தண்ணிக்கும் சுள்ளென்று இழுத்தது. கடைசியில் ஒன்றும் குடிக்காமலே, காதுவரைக்கும் விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் மணியம், பிடுங்கித் தூக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார் என்றார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். பல்வலியையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனது என் தங்கச்சி சாந்திதான். குலிமில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். எனக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவள் நான். அந்தோணி என்ற கத்தோலிக்கப் பையனைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, பையன் தங்கம். வருத்தமெல்லாம் வேறு. இரண்டு முறை வயிற்றில் தங்கி, இரண்டு முறையும் கலைந்துவிட்டது. இரண்டாவது தடவை நான் ஒரு தாயத்து மந்திரித்து எடுத்துக்கொண்டு போனேன். அவள் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "இனிமே என் பேரைச் சொல்லி எந்தச் சாமிகிட்டயும் எதுவும் நேர்ந்துக்காதக்கா. நடக்கலன்னா எனக்கு இன்னும் வலிக்குது" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

மூன்றாவது தடவை அவளுக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்ததும், நேராக நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். இந்தப் பிள்ளை தங்கினால் இந்த வருஷத் திருவிழாவில் தீச்சட்டி எடுக்கிறேன் தாயே என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளை தங்கியது. ஐந்து மாசம் ஆயிற்று. சாந்தியிடம் நான் மூச்சு விடவில்லை, மணியத்தையும் வாய் திறக்கக்கூடாது என்று கட்டிப்போட்டேன்.

இப்போது பல்லுக்கு வருகிறேன். டாக்டர் நூருல் சின்னப் பெண். அந்த அரசாங்கப் பல் கிளினிக்கில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறவர். பல்லைச் சின்னக் கம்பியால் தட்டிப் பார்த்தார், உயிர் போனது. படம் எடுத்துக் காட்டினார். பல்லுக்கு உள்ளே சதையும் நரம்பும் ஓடுகிற சந்து உண்டாம். சொத்தை அதுவரைக்கும் தோண்டிவிட்டது, உள்ளே இருப்பது அழுகுகிறது, வேர் நுனியில் சீழ் கட்டப் பார்க்கிறது என்றார். பிடுங்கலாம், அல்லது உள்ளே இருக்கிற அழுகலை மட்டும் எடுத்துச் சுத்தம் செய்து, அடைத்து, பல்லைக் காப்பாற்றலாம். அதுதான் வேர் சிகிச்சை. கடைவாய்ப் பல்லுக்கு மூன்று நான்கு சந்து இருப்பதால் பெரும்பாலும் ஸ்பெஷலிஸ்ட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே வரிசை நீளம். உங்களுக்கு நானே செய்கிறேன் காக்கா, இரண்டு மூன்று தடவை வரவேண்டும், வந்துவிடுவீர்களா என்று மலாயில் கேட்டார். காக்கா என்றால் அவர்கள் பாஷையில் அக்கா. வந்துவிடுவேன் என்று வாய் நிறையச் சொன்னேன்.

ஊசி போட்டதும் பாதி முகம் எனக்குச் சொந்தமில்லாமல் போனது. பல்லை மட்டும் வெளியே விட்டு, வாய்க்கு ஒரு ரப்பர் துணியைக் கட்டினார்கள். மருந்தும் எச்சிலும் கலக்காமல் இருக்கத்தான் அது. மூக்கால் மூச்சு விடலாம், பயமில்லை. மேலே துளை போட்டார்கள். தலைமுடி மாதிரி மெல்லிய அரங்களை ஒவ்வொரு சந்திலும் விட்டு ராவினார்கள். துணி வெளுக்கிற மருந்து வாடை அடித்தது, அதை ஊற்றித்தான் உள்ளே கழுவுகிறார்கள். வலி இல்லை, சத்தியமாக இல்லை. வாயைத் திறந்தே வைத்திருந்ததில் தாடைதான் கடுத்தது. கடைசியில் உள்ளே மருந்து வைத்து, மேலே வெள்ளையாக எதையோ அப்பி மூடினார்கள்.

எழுந்து உட்கார்ந்ததும் டாக்டர் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நான் அன்றைக்குக் கேட்காமல் விட்டது அதுதான். நாளைக்கே வலி போய்விடும், ஆனால் வலி போனால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. மேலே இருப்பது தற்காலிக மூடி, கரையக்கூடியது. அது கரைந்தால் வாயில் இருக்கிற கிருமியெல்லாம் காலி வீட்டுக்குள்ளே குடியேறிவிடும். இரண்டு வாரம் கழித்துச் செவ்வாய்க்கிழமை கண்டிப்பாக வாருங்கள் என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குக் கையில் காப்புக் கட்டியிருந்தது.

எங்கள் தோட்டத்தில் காப்புக் கட்டிவிட்டால் எல்லை தாண்டக்கூடாது. தீச்சட்டி எடுக்கிறவர்கள் திருவிழா முடியும்வரை கோயில் மண்டபத்திலேயே படுத்து, ஒருவேளை சாப்பிட்டு, சுத்தபத்தமாக இருக்கவேண்டும். பள்ளி விடுமுறை என்பதால் நானும் அங்கேதான் இருந்தேன். சாந்திக்கு, விடுமுறையில் வீராயி அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். வீராயி அக்கா தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்குப் பழைய பக்கத்து வீடு.

திங்கட்கிழமை சாந்தி போன் பண்ணினாள். நாளைக்கு லீவு போட்டுவிட்டேன், காலையில் காடியை ஓட்டிக்கொண்டு வந்து ஏற்றிக்கொள்கிறேன், சீக்கிரம் குளித்து நில் என்றாள். வயிற்றுப் பிள்ளைக்காரி எனக்காக லீவு போடுகிறாள். உண்மையைச் சொன்னால் நேர்த்தியைச் சொல்லவேண்டும். வாய் தானாகவே பேசியது. கிளினிக்கில் மெஷின் கெட்டுப்போய்விட்டதாம், அவர்களே போன் பண்ணித் தேதியைத் தள்ளிவைத்துவிட்டார்கள், மறுபடி கூப்பிடுவார்களாம் என்றேன். பல் வேறு வலிக்கவில்லையா, பொய் சொல்ல இன்னும் வசதியாக இருந்தது. அப்படியா, சரிக்கா, லீவைக் கேன்சல் பண்ணிடறேன் என்று வைத்துவிட்டாள். என் பேச்சை அவள் சந்தேகப்பட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை கஞ்சி குடிக்கும்போது வெள்ளையாக ஒரு துண்டு நாக்கில் வந்தது. துப்பிவிட்டேன். சனிக்கிழமை வலி திரும்பியது. கிராம்பை நசுக்கி வைத்தேன், மஞ்சளை அப்பினேன். விரதத்தில் வருகிற வலி அம்மா கொடுக்கிற சோதனை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன், கடிக்கத்தான் முடியவில்லை. மறுநாள் தாடை வீங்கி, காய்ச்சல் அடித்தது. மண்டபத்தில் இருந்தவர்கள் பார்த்துவிட்டு, இது பொன்னுக்கு வீங்கி, அம்மா இறங்கியிருக்கிறாள், ஊசி மருந்து பக்கமே போகக்கூடாது என்றார்கள். வீராயி அக்கா தன் கழுத்துத் தங்கச் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். பொன் பட்டால் வீக்கம் வடியும் என்பது எங்கள் ஊர் வைத்தியம். என்னைத் தெய்வமாக நினைத்து வேப்பிலையால் விசிறினார்கள். வீக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போதாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் எச்சில் விழுங்க முடியவில்லை. நாக்கு மேலே தூக்கிக்கொண்டது, மல்லாந்து படுத்தால் மூச்சு அடைத்தது. மணியம் வந்து பார்த்தவர் யாரையும் கேட்கவில்லை. என்னை அள்ளிக் காடியில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். எமர்ஜென்சியில் நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி கத்தரிக்கோலை எடுத்து என் காப்பை அறுத்தாள், கையில் ஊசி குத்த இடைஞ்சலாக இருந்ததாம். சங்கிலியைக் கழற்றி மணியத்திடம் கொடுத்தாள். எனக்குப் பேச்சு வரவில்லை, கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். என் சாவைப் பற்றி அந்த நேரத்தில் நினைக்கவில்லை. காப்பு அறுந்துவிட்டதே, சாந்தி வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்றுதான் கிடந்து துடித்தேன்.

பல்லின் வேரில் கட்டிய சீழ் தாடை எலும்பைத் தாண்டி, நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் மூச்சுக்குழாயை அடைத்திருக்கும் என்றார்கள். மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குக் குழாய் விட்டு, தாடைக்குக் கீழே கீறிச் சீழை எடுத்து, மிச்சம் வடிவதற்கு ஒரு ரப்பர்க் குழாயை வைத்தார்கள். இப்படிப்பட்ட பல்லைப் பெரும்பாலும் பிடுங்கிவிடுவார்களாம். பல்லின் சுவர் உறுதியாக இருக்கிறது, துளை வழியாகச் சீழ் வடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று என்னுடையதை விட்டுவைத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்ததில் எனக்கு மெஷின் சத்தம் மட்டும்தான் ஞாபகம். கண்ணைத் திறக்கும்போதெல்லாம் கண்ணாடிக்கு வெளியே சாந்தி நின்றாள்.

வார்டுக்கு மாற்றிய பிறகு அவள் என்னைவிட்டு நகரவில்லை. வாய் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறக்கும். தாடைத் தசை இறுகிவிட்டால் அப்படித்தான் இருக்குமாம். கஞ்சியை வடிகட்டி, உறிஞ்சுகுழாய் வைத்துக் கொடுப்பாள். தலையணை உறையை வீட்டிலிருந்து கொண்டுவந்து மாற்றினாள், ஆஸ்பத்திரி வாடை எனக்குக் குமட்டும் என்று அவளுக்குத் தெரியும். அந்தோணி வேலை முடிந்து வந்து, என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே ஜெபம் பண்ணுவார். மணியம் என் துணியைத் துவைத்துக் கொண்டுவந்து அடுக்குவார். அந்த ஆள் தன் சட்டையையே துவைத்ததில்லை. ஒவ்வொருவரும் அன்பாக ஏதாவது செய்யும்போது என் நெஞ்சில் முள் ஏறியது. சாந்தி நாற்காலியிலிருந்து எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் கை வைப்பாள். அதைப் பார்த்தால் எனக்கு அறுந்த காப்புதான் ஞாபகம் வரும்.

அவளுக்குக் கோபமெல்லாம் கிளினிக் மேல். தேதியைத் தள்ளிவைத்துவிட்டு மறந்துபோய்விட்டார்கள், அக்காவைச் சாகக் கொடுக்கப் பார்த்தார்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். ஒருநாள் நேரே அங்கே போய், கௌண்டர் முன்னால் எல்லா ஜனமும் பார்க்க, டாக்டர் நூருலின் பேரைச் சொல்லிச் சத்தம் போட்டுவிட்டு வந்தாள். மேலிடத்துக்குப் புகார் கொடுக்கப்போகிறேன், இந்தப் பெண் இனிமேல் யார் வாயிலும் கை வைக்கக்கூடாது என்றாள். கான்ட்ராக்ட் டாக்டர் மேல் புகார் போனால் வேலை நிரந்தரமாவது கஷ்டம்தான் என்று பக்கத்துக் கட்டிலுக்கு வந்த மிஸ்ஸி முணுமுணுத்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். வாய் திறக்க முடியாதது அன்றைக்கு எனக்கு வசதியாகத்தான் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் டாக்டர் நூருல் வந்தார். கிளினிக் உடுப்பைக்கூட மாற்றவில்லை. கையில் எனக்காக ஒரு பொட்டலம் சோயாப் பால். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு பேசினார். கிளினிக்கில் எல்லோரையும் விசாரித்துவிட்டேன், யாரும் உங்களுக்குப் போன் பண்ணவில்லை, மெஷினும் கெட்டுப்போகவில்லை என்றார். ஆனாலும் நீங்கள் வராதபோது நான் கூப்பிட்டுக் கேட்டிருக்கவேண்டும், தவறு என்னுடையதுதான், மன்னித்துவிடுங்கள் காக்கா என்றார். கண் கலங்கியிருந்தது. சாந்தி கையைக் கட்டிக்கொண்டு, கேட்டாயா அக்கா, மழுப்புவதை என்றாள்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் டாக்டரைப் பார்த்து மலாயில் சொன்னேன். தமிழில் சொன்னால் தங்கச்சியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியிருக்கும், அந்தத் தைரியம் எனக்கு இல்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை டாக்டர், நான்தான் வரவில்லை, தங்கச்சியிடம் பொய் சொன்னேன் என்றேன். இறுகிய பல்லுக்கு நடுவே ஒவ்வொரு வார்த்தையாக வெளியே வந்தது. டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்?" என்றாள் சாந்தி.

காப்புக் கட்டியிருந்தேன், எல்லை தாண்ட முடியாது, தீச்சட்டிக்கு நேர்ந்திருந்தேன் என்று சொன்னேன்.

"யாருக்கு நேர்ந்தே?"

நான் அவள் வயிற்றைப் பார்த்தேன். அவளும் குனிந்து பார்த்துக்கொண்டாள். பிறகு டாக்டரிடம், நான் கத்தினதுக்கு மன்னித்துவிடுங்கள் என்று மலாயில் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. மணியம் கூப்பிட்டுப் பார்த்தார், அவளும் எடுக்கவில்லை, அந்தோணியும் எடுக்கவில்லை. மதிய நேரமும் போயிற்று. ரத்தம் பட்டிருக்கும், இந்நேரம் வேறு ஏதோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், எல்லாம் என்னால்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். காப்பு அறுந்த குற்றமா, பொய் சொன்ன குற்றமா, எது அவள் வயிற்றில் இறங்கியது என்று தெரியாமல் குழம்பினேன். ஏதாவது நடந்திருந்தால் நானும் எழுந்திருக்கக்கூடாது என்று நினைத்தேன். அது சத்தியம்.

சாயங்காலம் வந்தாள். செருப்பெல்லாம் தோட்டத்துச் செம்மண். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் அந்த மண்ணை மிதித்ததே இல்லை. அந்தோணியைக் காடி ஓட்டச் சொல்லி, கோயிலுக்குப் போய்ப் பூசாரியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அந்தப் பக்கம் போனில் லைன் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், அது எனக்குத் தெரியும், பயத்தில் மறந்துவிட்டேன்.

"பூசாரிகிட்ட கேட்டேன். வைத்தியத்துக்குன்னா எல்லை தாண்டலாமாம். சொல்லிட்டுப் போயி, திரும்பி வந்து மஞ்சத்தண்ணி தெளிச்சுக்கிட்டாப் போதுமாம். உயிருக்கு ஆபத்துன்னா காப்பை அறுத்தாலும் குத்தமில்லையாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும்க்கா, நீ ஏன் கேக்கல?"

ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால், யாருக்காக இந்த நேர்த்தி என்று நாலு பேருக்குத் தெரியும், அது உன் காதுக்கு வரும் என்று பயந்தேன். அதோடு இன்னொன்றும் உண்டு. உனக்காக நான் இவ்வளவு கஷ்டப்படுகிறேன் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இதையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் பொய் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போயிருந்தது.

அவள் கஞ்சிக் கிண்ணத்தைத் திறந்து ஆற்றினாள். முகத்தைப் பார்க்காமல்தான் பேசினாள்.

"என் பிள்ளைக்காக நேர்ந்துக்கிட்டு, என் பிள்ளைக்குப் பெரியம்மா இல்லாமப் பண்ணப் பாத்தியே."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதால் தையல் இழுக்கும். அவளே துண்டால் துடைத்துவிட்டு, உறிஞ்சுகுழாயை என் வாயில் வைத்தாள்.

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன், டீச்சர்களுக்கு உதவும். வீக்கம் வடிந்து வாய் திறந்ததும் மறுபடியும் டாக்டர் நூருலிடமே போனேன். வேறு யாராக இருந்தாலும் என்னை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். சந்துகளைத் திரும்பவும் கழுவி, புது மருந்து வைத்து மூடினார். அதற்கடுத்த தடவை, ரோஸ் நிறத்தில் ஊசி மாதிரி சின்னச் சின்னக் குச்சிகளை உள்ளே இறக்கிச் சூடு காட்டி அடைத்தார். அது என்ன என்று கேட்டேன். இதுவும் ஒரு மரத்துப் பால்தான் என்று சிரித்தார். எங்கள் அம்மா ரப்பர்ப் பால் மரம் வெட்டி என்னை வளர்த்தவர், ஆனால் இது அந்த ரப்பர் மரம் இல்லை, வேறு ஜாதி மரமாம். அதற்கு மேலே கெட்டியாக அடைப்பு வைத்தார்கள். உயிர் இல்லாத பல் சீக்கிரம் விரிசல் விடும் என்பதால் அதன் மேல் ஒரு தொப்பியும் போடவேண்டும். ஒவ்வொரு தடவையும் ஓரிரண்டு நாள் கடித்தால் லேசாக வலிக்கும், மாத்திரைக்கு அடங்கிவிடும். அவ்வளவுதான் விஷயம். இதற்குப் பயப்பட ஒன்றுமே இல்லை.

சாந்திக்கு இப்போது எட்டாவது மாசம். பிள்ளை உள்ளே நன்றாக உதைக்கிறது. ஒவ்வொரு தேதிக்கும் அவள்தான் காடி ஓட்டிக்கொண்டு வருகிறாள், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. வழியில் பேசுவாள், சிரிப்பாள், பசாரில் நிறுத்தி எனக்கு மெத்தென்று பலகாரம் வாங்கித் தருவாள். சிகிச்சை முடிந்து நான் வாயில் பஞ்சோடு வெளியே வந்ததும் எழுந்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, என்னைத் தாண்டி உள்ளே போவாள். அக்கா அடுத்து எப்போது வரவேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுத் தன் போனில் குறித்துக்கொள்வாள். நான் அங்கேதான் நிற்கிறேன். தேதி எனக்கும் தெரியும். என்னிடம் அவள் கேட்பதில்லை.